கல்லீரல் எம்.ஆர்.ஐ.யை ஏன் இரண்டாம் முறை எடுக்கச் சொல்கிறார்கள்?

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். தக்கலைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு 61 வயது. வளைகுடாவில் பல ஆண்டுகள் வெல்டிங் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஹெபடைட்டிஸ் பி கிருமியால் கல்லீரல் சுருக்கம் வந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் பார்த்து வருகிறோம். சர்க்கரை நோயும் உண்டு. வயிற்றில் கொஞ்சம் நீர் கோத்திருக்கிறது. சென்ற மாத ஸ்கேனில் கல்லீரலின் வலப்பக்கம் 2.1 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி தெரிந்தது. மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ‘மூச்சு அசைவால் ஆர்ட்டீரியல் கட்டப் படங்கள் தெளிவில்லை, எல்.ஆர்.-என்.சி.; மறுபடி எடுக்கவும்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் நாங்கள் பார்க்கும் கல்லீரல் மருத்துவரும் மறுபடி எடுங்கள், இந்த முறை பிரைமோவிஸ்ட் என்ற மருந்தைப் போட்டு எடுங்கள் என்கிறார். அந்த மருந்துக்கே பெரிய தொகை ஆகிறது. ஒரே ஸ்கேனுக்கு இரண்டு முறை பணம் கட்ட வைப்பது ஏமாற்று வேலையா? 3 டெஸ்லா மெஷினில்தான் எடுக்க வேண்டும், அதற்குத் திருவனந்தபுரம் போங்கள் என்கிறார்கள் உறவினர்கள். அப்பாவின் கிரியேட்டினின் 1.3, பிலிரூபின் 1.6. இறால் சாப்பிட்டால் உடம்பு தடித்துவிடும். மறுபடி மருந்து ஏற்றினால் சிறுநீரகம் கெடுமா? ஸ்கேனுக்குப் பதிலாக ஊசியால் சதை எடுத்துப் பார்த்துவிடலாமா? அன்னாசிச் சாறு குடித்துவிட்டுப் போனால் படம் நன்றாக வரும் என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா? முதல் தடவை அப்பாவை உள்ளே அழைத்துப் போகும்போது அவருடைய காது மெஷினைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்கள். விலை உயர்ந்ததாயிற்றே என்று அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

— ஒரு மகள், தக்கலை வட்டாரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கிரியேட்டினின், டெஸ்லா, மருந்தின் பெயர் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் நிறுத்தி மறுபடி படித்தது, கடைசியில் போகிற போக்கில் சொன்ன காது மெஷின் விஷயத்தை. முதல் ஸ்கேன் பாழானதற்குக் காரணம் அனேகமாக அங்கேதான் இருக்கிறது.

கழற்றச் சொன்னதில் தவறில்லை. காந்த அறைக்குள் காது மெஷின் போகக் கூடாது, கருவியே கெட்டுவிடும். கழற்றிய பிறகு உள்ளே படுத்திருப்பவரிடம் எப்படிப் பேசப் போகிறோம் என்பதை யாராவது யோசித்திருக்க வேண்டும். கல்லீரல் உதரவிதானத்துக்கு நேர் கீழே இருக்கும் உறுப்பு. சாதாரணமாக மூச்சு விடும்போதே ஓரிரு சென்டிமீட்டர் மேலும் கீழும் போய்வரும். அப்பாவின் கட்டியின் அளவே 2.1 சென்டிமீட்டர்தான். அதனால் முக்கியமான படங்கள் ஒவ்வொன்றுக்கும் 15 முதல் 20 விநாடி மூச்சை நிறுத்தச் சொல்வோம். அந்தக் கட்டளை ஹெட்ஃபோன் வழியாக, மெஷினின் தடதடப்புக்கு நடுவே வரும். பல இடங்களில் அது மெஷினுக்குள் பதிவாகியிருக்கும் ஒரு குரல். தமிழில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. வெல்டிங் பட்டறை இரைச்சலில் காது மங்கிய மனிதர், கருவியும் இல்லாமல், மெஷினின் குழாய்க்குள் படுத்தபடி ‘மூச்சை நிறுத்துங்கள்’ என்பதைச் சரியான விநாடியில் கேட்டுச் செய்ய வேண்டும் என்றால் எப்படி முடியும்?

சரி, ஒரு படம் கலங்கினால் மற்ற படங்களை வைத்துச் சொல்லக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கட்டியைப் பொறுத்தவரை முடியாது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. ஈரல் தமனி நேரே இதயத்திலிருந்து கொண்டுவருவது ஏறக்குறைய கால் பங்கு. மீதி முக்கால் பங்கு, குடலையும் மண்ணீரலையும் சுற்றிவிட்டுப் போர்ட்டல் சிரை வழியாகச் சற்றுத் தாமதமாக வந்து சேர்கிறது. பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்தால் அணைக்குப் பக்கத்து வயல் முதலில் நனையும், கடைமடைக்கு அப்புறம்தான் போகும் அல்லவா, அந்த மாதிரி. நல்ல கல்லீரல் திசு பெரும்பாலும் இரண்டாவது வழியை நம்பி வாழ்கிறது. கல்லீரல் செல் புற்றுநோயோ தனக்கென்று தமனிக் கிளைகளை வளர்த்துக்கொண்டு முதல் வழியில் ரத்தத்தை உறிஞ்சும். ஆகவே கையில் மருந்து ஏற்றி ஏறத்தாழ 35 விநாடி ஆகும்போது எடுக்கும் ஆர்ட்டீரியல் (தமனி) கட்டப் படத்தில், அப்படிப்பட்ட கட்டி சுற்றியுள்ள கல்லீரலைவிட வெளிச்சமாகத் தெரியும். ஒரு நிமிடத்துக்கு மேல் போனதும் எடுக்கும் போர்ட்டல் கட்டப் படத்தில் கல்லீரல் வெளிச்சமாகி, கட்டி மங்கத் தொடங்கும். 2 முதல் 5 நிமிடத்துக்குள் எடுக்கும் தாமதக் கட்டத்தில் இன்னும் மங்கும். சில கட்டிகளைச் சுற்றி ஓர் உறையும் தெரியும். முதலில் ஒளிர்ந்து பிறகு மங்குகிறதா என்பதுதான் இந்த ஸ்கேனிடம் நாம் கேட்கும் கேள்வி.

இதில் ஆர்ட்டீரியல் கட்டம் மிகவும் குறுகியது. அதிலும் எங்களுக்கு வேண்டியது அதன் பிற்பகுதி: ஈரல் தமனி நன்றாக ஒளிர்ந்து, போர்ட்டல் சிரையில் மருந்து எட்டிப் பார்க்கத் தொடங்கி, கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைகள் இன்னும் இருட்டாகவே இருக்கும் அந்தச் சில விநாடிகள். கொஞ்சம் முந்தினால் கட்டிக்குள் மருந்து போயிருக்காது. பிந்தினால் சுற்றுப்புறமும் வெளிச்சமாகிக் கட்டி அதில் மறைந்துவிடும். அந்த நேரத்தில் நோயாளி மூச்சு விட்டால் எல்லாம் கலங்கிவிடும். ஏற்றிய மருந்து உடம்பெங்கும் சுற்றிவிட்ட பிறகு, ‘இன்னொரு தடவை’ என்று அந்தக் கட்டத்தை மட்டும் அதே அமர்வில் திரும்ப எடுக்க வழியில்லை.

ரிப்போர்ட்டில் இருக்கும் எல்.ஆர். என்பது லை-ராட்ஸ் என்ற முறையைக் குறிக்கிறது. அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2011-ல் முதலில் வெளியிட்டது, சி.டி.க்கும் எம்.ஆர்.ஐ.க்கும் இப்போது நாங்கள் கையாள்வது அதன் 2018 பதிப்பு. கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள், நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள் ஆகியோரின் கட்டிகளை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கும். 1 என்றால் நிச்சயமாகச் சாதுவான கட்டி. 5 என்றால் நிச்சயமாகக் கல்லீரல் செல் புற்றுநோய். என்.சி. என்பது படத்தின் குறையால் தரம் பிரிக்க முடியவில்லை என்பதற்கான குறி. அதை நல்ல செய்தியாகவும் எடுக்க வேண்டாம், கெட்ட செய்தியாகவும் எடுக்க வேண்டாம். 2 சென்டிமீட்டரைத் தாண்டிய ஒரு கட்டிக்கு 5 என்று தரம் கொடுக்க வேண்டுமானால் ஆர்ட்டீரியல் கட்டத்தில் அது ஒளிர்ந்தே ஆக வேண்டும். கூடவே மங்குதல், உறை, வேகமான வளர்ச்சி இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஆர்ட்டீரியல் படம் இல்லையென்றால் மற்றவை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் 5 என்று எழுத முடியாது.

சதை எடுத்துப் பார்க்கலாமா என்ற கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான புற்றுநோய்களில் சதைப் பரிசோதனை இல்லாமல் சிகிச்சையைத் தொடங்க மாட்டார்கள். கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு வரும் கல்லீரல் செல் புற்றுநோய் இதற்கு விலக்கு. லை-ராட்ஸ் 5 என்று உறுதியானால் ஊசி இல்லாமலே சிகிச்சையை முடிவு செய்யலாம். சுருங்கிய கல்லீரலில் ரத்தம் உறையும் தன்மை குறைந்திருக்கும், வயிற்றில் நீரும் இருக்கிறது. ஊசி போட்டால் ரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு. அபூர்வமாக ஊசி போன தடத்தில் நோய் பரவுவதும் உண்டு. படம் சதைப் பரிசோதனையின் இடத்தை எடுத்துக்கொள்வதால்தான் அந்தப் படத்துக்கு இவ்வளவு கறார். நல்ல படம் எடுத்தும் முடிவு தெரியவில்லை என்றால் அப்போது ஊசியைப் பற்றிப் பேசலாம்.

எனவே மறுபடி எடுக்கச் சொன்னது ஏமாற்று வேலை இல்லை. தன் படம் சரியில்லை என்று தன் ரிப்போர்ட்டிலேயே எழுதிக் கொடுத்த அந்த ஸ்கேன் நிலையத்தை இந்த ஒரு விஷயத்தில் மதிக்கிறேன். கலங்கிய படத்தைப் பார்த்து ‘புற்றுநோயாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் காது கேளாத ஒருவரை மேஜையில் ஏற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் பழக்கியிருக்க வேண்டியது அவர்களுடைய பொறுப்பு. ஆகவே முதல் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே போய், மறுமுறைக்குக் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனையில் எடுப்பதானால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் அட்டையைக் காட்டி விசாரித்துவிடுங்கள்.

அடுத்து மருந்து. எனக்குச் சற்று மாற்றுக் கருத்து இருப்பது இங்கேதான்.

எம்.ஆர்.ஐ.க்குப் போடும் மருந்துகள் காடோலினியம் என்ற உலோகத்தை அடிப்படையாகக் கொண்டவை. வழக்கமான வகை ரத்தக் குழாய்களிலும் செல்களுக்கு வெளியேயும் சுற்றிவிட்டுச் சிறுநீரில் போய்விடும். உங்கள் மருத்துவர் சொன்ன பிரைமோவிஸ்டின் இயல்பு வேறு. அதில் ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் செல்கள் உள்ளே இழுத்துப் பித்தத்தில் விடும். 20 நிமிடம் பொறுத்துப் படம் எடுத்தால் வேலை செய்யும் கல்லீரல் வெளுத்தும், கல்லீரல் செல்லாகச் செயல்படாத கட்டிகள் கறுத்தும் தெரியும். சிறு சிறு கட்டிகளைக் கண்டுபிடிக்க இதற்கு நிகரில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் வேறு எங்காவது இன்னொன்று ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க இதைத்தான் கேட்பார்கள். மஞ்சள் காமாலையின் அளவைக் காட்டும் பிலிரூபின் 3-ஐத் தாண்டினால் கல்லீரல் இந்த மருந்தைச் சரியாக இழுக்காது, கொடுத்த பணம் வீண். அப்பாவுக்கு 1.6 என்பதால் அந்தத் தடை இல்லை.

ஆனால் இதில் ஒரு சங்கடம். இந்த மருந்து ஏறியதும் சிலருக்குச் சரியாக ஆர்ட்டீரியல் கட்டத்தில் சில விநாடிகள் மூச்சு முட்டுவது போலிருக்கும். ஆபத்தில்லை, தானே சரியாகிவிடும். ஆனால் படம் கலங்கிப்போகும். அதோடு மருந்தின் அளவும் குறைவு: 60 கிலோ எடையுள்ளவருக்கு வழக்கமான மருந்தில் பலவற்றை 12 மில்லி ஏற்றுவோம், பிரைமோவிஸ்ட் 6 மில்லிதான். அளவு குறைந்தால் அது தமனியில் ஒளிர்ந்து கடக்கும் நேரமும் குறையும். குறி தப்புவது எளிது. தாமதக் கட்டத்தில் மங்குவதை அடையாளமாக வைத்துக்கொள்ளும் வசதியும் இதில் கிடையாது; போர்ட்டல் கட்டத்தில் மங்கினால்தான் கணக்கு.

ஏற்கெனவே ஆர்ட்டீரியல் கட்டத்தில் மூச்சால் கெட்ட ஒருவருக்கு, அதே கட்டத்தைக் கெடுக்க வாய்ப்புள்ள மருந்தை இரண்டாம் முறை தேர்ந்தெடுப்பதா என்பதே என் தயக்கம். உங்கள் மருத்துவர் அப்பாவை நேரில் பார்த்தவர். முதல் ஸ்கேன் காதால் கெட்டது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லிவிட்டு, ‘இந்த ஒரு கட்டி என்னவென்று தெரிவதற்கு வழக்கமான மருந்து போதுமா, இல்லை வேறு சிறு கட்டிகளையும் தேடுகிறீர்களா?’ என்று கேளுங்கள். தேடுகிறோம் என்றால் பிரைமோவிஸ்டே சரி. செலவைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு கட்டிக்காக மட்டும் என்றால் வழக்கமான மருந்தில் எடுக்க அவரே சம்மதிக்கக்கூடும். பயிற்சி செய்து பார்த்தும் அப்பாவால் 10 விநாடிகூட மூச்சைப் பிடிக்க முடியவில்லை என்றால், பல கட்ட சி.டி. ஸ்கேனும் லை-ராட்ஸ் ஏற்றுக்கொண்ட வழிதான். ஒவ்வொரு கட்டமும் சில விநாடிகளில் முடிந்துவிடும். கதிர்வீச்சு உண்டு, அயோடின் மருந்து சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் பாரம். இருந்தாலும் கலங்கிய எம்.ஆர்.ஐ.யைவிடத் தெளிவான சி.டி. மேல்.

சிறுநீரகக் கவலைக்கு வருகிறேன். 61 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.3 என்றால் வடிகட்டும் திறன் 60-க்குச் சற்று மேல் வரும். கல்லீரல் நோயில் தசை கரைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உண்மையைவிடக் கொஞ்சம் நன்றாகக் காட்டும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்வோம். அப்படியும் பயப்படும் நிலை இல்லை. 2006-ல் காடோலினியத்துக்கும், தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஒரு கொடிய நோய்க்கும் தொடர்பு இருப்பது தெரியவந்தது. அது பெரும்பாலும் சிறுநீரகம் செயலிழந்தவர்களிடமும், பழைய வகை மருந்துகளிலும் கண்டது. வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே இருந்தால்தான் நாங்கள் நின்று யோசிக்கிறோம். முதல் ஸ்கேனில் ஏற்றிய மருந்தில் பெரும்பகுதி ஓரிரு நாளிலேயே வெளியேறியிருக்கும். மிகச் சிறிய அளவு உடம்பில் தங்குகிறது என்பது 2014-லிருந்து பேசப்படுகிறது. அதனால் தீங்கு வருவதாக நிறுவப்படவில்லை. அதற்காகத் தேவையில்லாமல் ஏற்றக் கூடாது. இது தேவையான இடம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் இந்த ஸ்கேனுக்காக அதை நிறுத்த வேண்டியதில்லை, சி.டி. என்றால் மருத்துவரைக் கேளுங்கள்.

இறால் பற்றி நம் கடற்கரையில் கேட்காத ஆளில்லை. குளச்சலிலிருந்து ஒருவர் ஸ்கேனுக்கு வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வரும். இறாலில் ஒவ்வாமை தருவது அதன் சதையிலுள்ள ஒரு புரதம். காடோலினியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, சி.டி.யில் போடும் அயோடின் மருந்துக்கும் இல்லை. முதல் ஸ்கேனில் மருந்து ஏறியபோது உடம்பு தடித்ததா, மூச்சு இழுத்ததா என்பதே நீங்கள் சொல்ல வேண்டிய விஷயம்.

3 டெஸ்லாவுக்காகத் திருவனந்தபுரம் போக வேண்டாம். கல்லீரலுக்கு 1.5 டெஸ்லா காந்தம் போதும், 3-ம் ஆகும். லை-ராட்ஸ் இரண்டையும் ஏற்கிறது. சொல்லப்போனால் வயிற்றில் நீர் உள்ளவர்களுக்கு 3 டெஸ்லாவில் படத்தின் நடுவே நிழல் விழுந்து கெடுப்பது உண்டு. அப்பாவுக்கு நான் 1.5-ஐயே தேர்ந்தெடுப்பேன். காந்தத்தின் வலிமையைப் பெருமையாகப் போர்டில் எழுதி வைக்கிறார்கள். மருந்தைக் கையால் தள்ளுகிறார்களா, இன்ஜெக்டரால் தள்ளுகிறார்களா என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. கல்லீரலுக்கு முக்கியம் அதுதான்.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எங்கே எடுப்பதானாலும் முதலில் போனில் கூப்பிட்டு டெக்னீஷியனிடமே பேசுங்கள். இன்ஜெக்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். வழக்கமான மருந்து விநாடிக்கு 2 மில்லி, பிரைமோவிஸ்ட் 1 மில்லி என்ற சீரான வேகத்தில் போய், பின்னாலேயே 20 மில்லி உப்புநீர் அதைத் தள்ள வேண்டும். மருந்து மகாதமனியை எட்டுவதைத் திரையில் பார்த்து ஆர்ட்டீரியல் படத்தைத் தொடங்குகிறார்களா, கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்குகிறார்களா என்றும் கேளுங்கள். கல்லீரல் நோயாளிகளின் ரத்த ஓட்டம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் திரையில் பார்த்துத் தொடங்குவதே நல்லது. மருந்துக்கு முன் ஒரு படம், பின் மூன்று கட்டங்கள், எல்லாம் 5 மில்லிமீட்டரோ அதற்கும் மெல்லியதோ ஆன வெட்டுகளாக; வயிற்றின் மேல் கட்டும் ‘காயில்’ என்ற சிக்னல் வாங்கும் கருவியோடு; கூடவே திசுவுக்குள் நீர் அசைவதைக் காட்டும் டிஃப்யூஷன் படமும். இவ்வளவையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘லை-ராட்ஸ் முறைப்படி கல்லீரலுக்குப் பல கட்டப் படம் எடுப்பீர்களா?’ என்று கேட்டால் தெரிந்தவர் உடனே ஆமாம் என்பார். தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

இனி அப்பாவின் காது. சத்தத்துக்குப் பதில் தொடுதலை வைத்துக்கொள்ளலாம். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. உடம்பில் உலோகம் எதுவும் இல்லையென்று சோதித்த பிறகு, காதுக்குப் பஞ்சடைப்பு கொடுத்து, துணைக்கு ஒருவரை அறைக்குள் நிறுத்தப் பல நிலையங்கள் சம்மதிக்கும். நீங்கள் கால்மாட்டில் நின்றுகொள்ளுங்கள். டெக்னீஷியன் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டியதும் அப்பாவின் பாதத்தை ஒருமுறை தட்டினால் மூச்சை இழுத்து வெளியே விட்டு அப்படியே நிறுத்த வேண்டும்; இரண்டு முறை தட்டினால் மூச்சு விடலாம். இழுத்துப் பிடிப்பதைவிட வெளியே விட்டு நிறுத்தினால் கல்லீரல் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஆனால் அது கொஞ்சம் கஷ்டம், பழக்கம் வேண்டும். வீட்டில் கட்டிலில் மல்லாந்து படுக்க வைத்து, ஒரு வாரம் காலையும் மாலையும் நாலைந்து முறை பழக்குங்கள். 8 விநாடியில் தொடங்கி 18 வரை வந்தால் போதும். அந்த எண்ணிக்கையை டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். 12 விநாடிதான் முடியும் என்றால் அதற்கேற்பப் படத்தைச் சுருக்க அவரால் முடியும். மருந்து ஏறும்போது உடம்பில் ஏதோ செய்வது போலிருந்தாலும் பயப்படாமல் மூச்சை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காது மெஷினைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுங்கள்.

நீங்கள் உள்ளே போவதானால் தாலிச் சங்கிலியில் கோத்திருக்கும் ஊக்கு, கொண்டை ஊசி, செல்போன் எல்லாம் வெளியே. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஊக்கைப் பறித்துக்கொண்டு போய்விடும். அப்பாவின் அரைஞாண், தாயத்து, கழுத்தில் ஜெபமாலையோ பதக்கமோ இருந்தால் அதுவும் வீட்டிலேயே இருக்கட்டும். இதைவிட முக்கியமான ஒன்று: வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவர்களின் கண்ணில் இரும்புத் துணுக்கு எப்போதாவது தெறித்துப் புகுந்திருக்கக்கூடும். காந்தத்தில் அது அசைந்தால் பார்வை போகக்கூடும். ‘முதல் ஸ்கேனில் ஒன்றும் ஆகவில்லையே’ என்று மறைக்காதீர்கள். வேலைக் காலத்தில் கண்ணில் துணுக்கு பட்டு மருத்துவரிடம் போனாரா என்று அப்பாவிடம் கேட்டு, ஆமாம் என்றால் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். கண்குழிக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்புவார்கள்.

நாலைந்து மணி நேரம் வெறும் வயிறு போதும், தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை உள்ளவர் என்பதால் காலையில் முதல் நேரத்தை வாங்குங்கள். பட்டினியோடு சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே மயங்கிவிடக்கூடும். அன்று காலை மாத்திரையை எப்போது போடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்னாசிச் சாறு சொன்னவர் முழுதும் கதை விடவில்லை. பித்தநாளத்தைப் பார்க்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனுக்கு முன் சில இடங்களில் அதைக் கொடுப்பார்கள். அதிலுள்ள மாங்கனீசு, குடலில் இருக்கும் நீரின் வெளிச்சத்தை அந்தப் படத்தில் அடக்கிவிடும். அப்பாவின் ஸ்கேனுக்கு அது உதவாது, சர்க்கரையைத்தான் ஏற்றும். நம் ரப்பர் தோட்டத்து ஊடுபயிரை வீட்டில் மற்றவர்கள் சாப்பிடட்டும்.

முடிந்ததும் பிலிமோடு, படங்கள் பதிந்த வட்டையும் கேட்டு வாங்குங்கள். பிலிமில் அச்சிடுவது பொறுக்கி எடுத்த சில படங்கள். வட்டில் எல்லாக் கட்டங்களும் முழுதாக இருக்கும். திருவனந்தபுரம் மருத்துவர் தன் கதிரியக்க மருத்துவரோடு உட்கார்ந்து பார்ப்பதற்கு அதுதான் வேண்டும். பழைய ஸ்கேனின் வட்டையும் எடுத்துப் போங்கள். கலங்கிய ஆர்ட்டீரியல் கட்டம் தவிர மற்றப் படங்கள் பயன்படும், கட்டி வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடலாம். மறு ஸ்கேனை மாதக் கணக்கில் தள்ளிப் போடாமல், மூச்சுப் பயிற்சிக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டு உடனே முடித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்து எழுதுகிறேன். ஹெபடைட்டிஸ் பி ரத்தத்தின் வழியாகவும், தாயிடமிருந்து பிள்ளைக்கும், கணவன் மனைவிக்குள்ளும் பரவும். வீட்டில் அம்மா, நீங்கள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. செய்யவில்லையென்றால் இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். கிருமி இல்லையென்று வந்தவர்கள், ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால், தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம் மூன்றாவது. அதுவரை அப்பாவின் சவரக் கத்தியையும் நகவெட்டியையும் தனியாக வையுங்கள். தட்டு, டம்ளரைப் பிரிக்க வேண்டாம். சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது.